துளையிட்ட இரும்புத் தொப்பி

இரும்புக்கு மணம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இன்று பின்னேரம் பெட்டியைத் திறந்து உன் தொப்பியைத் தூக்கியபோது நல்லெண்ணெய் மணந்தது.

உள்ளே சுற்றிவரும் தோற்பட்டை கறுத்து விறைத்துப் போயிருக்கிறது. விளிம்பில் துரு. எண்ணெய் மட்டும் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உன் அம்மா உன் தலையில் வைத்துத் தேய்த்த எண்ணெய். சீயாக்காய்க்குத் தப்பியது. யுத்தத்துக்கும் தப்பியது. உன்னைவிட அதிக காலம் இருந்துவிட்டது.

அழுகை வரவில்லை. கோபம் வந்தது. உனக்கு அது பிடித்திருக்கும்.

பெட்டியைத் திறக்க வைத்தவர் கிராமச் சங்கத்து எழுதுவினைஞர். சென்ற மாரிப் புயலில் சுவர்கள் விழுந்து சனங்கள் அகப்பட்டதை நீ அறியமாட்டாய். இனி அப்படி நேர்ந்தால் தேடி மீட்க ஒரு படை சேர்க்கிறார்களாம். படைக்குத் தலைக்கவசம் வேண்டும். எதை வாங்குவது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை.

"ரீச்சர் யுத்த காலத்திலை உந்த வேலையிலை நிண்டவ எண்டு சொல்லிச்சினம்," என்று வேலிப் படலையில் நின்றபடி சொன்னார். அதற்கு மேலும் ஒன்று சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் எழுத வேண்டியது உன்னை.

*

காங்கேசன்துறைக்குப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடம். நீ ட்றில் ரீச்சர். கடலோடிக் குடும்பம், உரத்த குரல், வெயிலுக்குக் கூசாத கண். நான் கொழும்பில் பட்டம் பெற்று, தடித்த புத்தகங்களோடும் அவற்றைவிடத் தடித்த தயக்கங்களோடும் வந்திறங்கியவள். ஆசிரியர் அறையில் நான் ஒரு மூலையில் வாசித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தாய்.

"உதிலை என்ன கிடக்கு?"

"மனிதன் சுதந்திரமானவனா இல்லையா என்று ஒரு விசாரணை," என்றேன். அப்போதெல்லாம் நான் புத்தகம்போலத்தான் கதைப்பேன்.

"மனிசன் எண்டால் எங்களையும் சேர்த்தோ?"

நான் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பதில் அங்கே இல்லை. நீ சிரித்துக்கொண்டு விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டி வெளியே போனாய். அன்றைக்கே சிநேகிதம்.

*

பிறகு யப்பான்காரன் கொழும்பிலும் திருக்கோணமலையிலும் குண்டு போட்டான். துறைமுகம் இருந்ததால் எங்கள் பக்கத்துக்கும் பயம் வந்தது. பலாலியில் விமானங்கள் இறங்கின. பள்ளிக்கூட யன்னல்களுக்குக் கறுத்தக் கடதாசி ஒட்டினோம். வளவுக்கு வளவு பதுங்கு கிடங்கு வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண் போட்டு மூடினார்கள். அபாயச் சங்கு ஊதினால் அதற்குள் போய்க் குந்த வேண்டும்.

குண்டு விழுந்த வீடுகளிலிருந்து ஆட்களை மீட்க ஒரு படை. எல்லாரும் ஆண்கள். பெண்களைக் கேட்டு எவரும் வரவில்லை. கேட்க வைத்தது ஒரு கிழவி. முதலாவது ஒத்திகையில் அவளைக் காயப்பட்டவளாக வைத்துத் தூக்கப் போன இளைஞனுக்கு, விளக்குமாற்றால் போட்டாள்.

"குண்டு விழுந்தால் செத்துப்போறன். ஆரோ பெடியன் என்னைத் தூக்கத் தேவையில்லை," என்றாளாம்.

அடுத்த வீட்டில் பெண்கள் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்தது. நீ உடனே கையைத் தூக்கினாய். மற்றக் கையால் என் கையையும் பிடித்துத் தூக்கினாய்.

*

தொப்பி தெரிவுசெய்த நாள்.

துறைமுகத்துப் பண்டசாலைக்குள் மூன்று குவியல். ஒன்று நல்ல இரும்புத் தொப்பிகள். ஒன்று, அதே உருவம்தான், ஆனால் விளிம்பில் சிறு துளைகள் போட்டவை. மற்றது கறுத்த நார்த் தொப்பிகள், சுரங்கத்து வேலையாட்கள் போடுகிற மாதிரி, தலையோடு ஒட்டிக்கிடப்பவை. படைக்குத் தலைவராக இருந்த பிரக்கிராசியார், ஊர் வழக்கறிஞர், நடுவில் கதிரை போட்டு இருந்தார். ஆண்கள் ஒவ்வொருவராய் நல்ல குவியலிலிருந்து எடுத்துத் தலையில் வைத்து, ஒருவரை ஒருவர் பார்த்து, பட்டாளத்துக்குப் போகிறவர்களைப்போல் நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

நீயும் ஒன்று எடுத்து வைத்தாய். அது உன் கொண்டைமேல் ஏறி இருந்து, ஒரு கணம் யோசித்து, கண்ணுக்கு மேலே சரிந்தது.

"பொங்கல் பானைக்கு மூடி," என்றான் ஒருவன். பண்டசாலை முழுக்கச் சிரித்தது.

"சிரிக்காதேங்கோ," என்றார் பிரக்கிராசியார். நீதிமன்றத்துக் குரல். "பிள்ளை, உதுக்கு வழி ரண்டுதான். தலைமயிரைக் கழுத்தோடை கத்தரிக்கிறது. இல்லாட்டி வீட்டிலை நிக்கிறது. நான் சொல்லேல்லை. தொப்பி சொல்லுது."

அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. தொப்பி சொல்லுது. தானொரு பாவமும் அறியாதவர்போல, தீர்ப்பை இரும்பின் வாயில் வைத்துவிட்டார். பிற்காலத்தில் எத்தனையோ பேர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கதிரை சொல்லுது. கட்டிடம் சொல்லுது. சட்டம் சொல்லுது. எந்த மனிதரும் சொல்வதில்லை.

நீ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாய். "தொப்பி செய்தவன் என்ரை தலையைப் பாக்கேல்லை, ஐயா. அதுக்கு என்ரை தலை என்ன செய்யும்?" பிறகு கண்ணை மெல்லத் திருப்பினாய். "சரி, அப்ப கந்தையா அண்ணையின்ரை குடுமியை ஆர் வெட்டுறது?"

கந்தையா அண்ணை கூட்டுறவுக் கடை மனேச்சர். காலை மாலை கோயில், காதில் கடுக்கன், பிடரியில் கைப்பிடி அளவு குடுமி. தூணுக்குப் பின்னால் நின்று தன் தொப்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னை ஏன் பிள்ளை இதுக்கை இழுக்கிறாய்?"

"உங்கடையும் சரிஞ்சுதானே நிக்குது."

"அது காத்துக்குச் சரிஞ்சது."

"பண்டசாலைக்குள்ளை காத்தோ, அண்ணை?"

இம்முறையும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பின் திசை மாறிவிட்டது. பிரக்கிராசியார் எழும்பினார். "வாற ஞாயிறு ஒத்திகை. அதுக்குள்ளை முடிவைச் சொல்லு," என்றார். உனக்குத்தான் சொன்னார். கந்தையா அண்ணைக்கு இல்லை.

*

வீட்டுக்குப் போகும் வழியில் நான் சொன்னேன்: "வெட்டிவிடு."

நவீனமாக இருப்பதென்றால் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. கொழும்பில் கத்தரித்த கூந்தலோடு வந்த பெண்களை அறிந்திருந்தேன். அழகாக, லேசாக நடந்தார்கள். இங்கே கன்னிப்பெண் தலைமயிர் வெட்டினால் அது நேர்த்திக்கடன், அல்லது நோய், அல்லது அவமானம். அதை உடைத்தால் என்ன?

நீ சைக்கிளை நிறுத்தவில்லை. நான் பின்னால் இருந்தேன். காற்றில் உன் பதில் துண்டு துண்டாக வந்தது.

"அம்மாவுக்குப் பயந்தில்லையடி. எனக்கு விருப்பமெண்டால் நாளைக்கே மொட்டை அடிப்பன். அவர் சொல்லி ஒரு மயிர் வெட்டமாட்டன்."

"அப்ப வீட்டிலை நிக்கப்போறியோ?"

"அதுவும் மாட்டன்."

இரண்டில் ஒன்றைத் தேர் என்று எல்லாப் புத்தகங்களும் எனக்குக் கற்பித்திருந்தன. கேள்வியையே திருப்பி அனுப்பலாம் என்று எதுவும் கற்பிக்கவில்லை.

*

பள்ளிக்கூடம் விட்டபின் கிணற்றடிக்குப் பின்னால் நாங்கள் மண்டை உடைத்தோம்.

மூன்று குவியலிலிருந்தும் ஒவ்வொன்று கேட்டு வாங்கி வந்திருந்தாய். சந்தையில் வாங்கிய புது மண்முட்டிகளைக் கவிழ்த்து ஒரு முளைக்கட்டையில் வைத்தாய். அதுதான் தலை. அதன்மேல் தொப்பி. மதிலில் ஏறி நின்று கல்லைப் போட்டாய்.

நல்ல இரும்புத் தொப்பி. கல் விழுந்தது. தொப்பியில் ஒரு நெளிவும் இல்லை. தூக்கிப் பார்த்தால் முட்டி சுக்குநூறு.

பள்ளிக்கூடத்து வாச்சர் சாவிக்கொத்தோடு வந்து பார்த்தார். "தொப்பிக்கு ஒண்டுமில்லை, ரீச்சர். மண்டைதான் போச்சு."

நார்த் தொப்பி இன்னும் மோசம். தலையோடு ஒட்டியிருந்ததால் அடி நேரே இறங்கியது. நீ மதிலில் இருந்தபடி நெடுநேரம் யோசித்தாய். பிறகு இறங்கி வந்து, ஒரு பழஞ்சேலைத் துண்டை முறுக்கிச் சும்மாடு கட்டினாய். சந்தைக்குக் கடகம் சுமக்கிற பெண்கள் கட்டுகிற அதே சும்மாடு. முட்டியின் தலையைச் சுற்றி அதை வைத்து, மேலே இரும்புத் தொப்பியை வைத்து, மீண்டும் ஏறி, மீண்டும் கல்.

முட்டி அப்படியே இருந்தது.

இன்னும் பெரிய கல். அப்படியே.

"இடைவெளிதான்," என்றேன் நான். "இரும்புக்கும் தலைக்கும் நடுவிலை உள்ள இடைவெளிதான் காப்பாத்துது."

நீ அதற்குள் கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். முழங்கால் வரைக்கும் விழுந்தது. இரண்டாய்ப் பிரித்து, பின்னி, உச்சியை வெறுமையாய் விட்டுத் தலையைச் சுற்றி வளையமாய்ச் சுற்றி, ஊசி குத்தினாய். உன் தலையிலேயே ஒரு சும்மாடு. பிரக்கிராசியார் கத்தரிக்கச் சொன்னதுதான் காப்பாற்றப் போகிறது என்று எனக்கு விளங்கியபோது சிரிப்பு வந்துவிட்டது. வாச்சர் மற்றப் பக்கம் திரும்பி நின்றார். பெண்ணின் அவிழ்ந்த கூந்தலைப் பார்ப்பது முறையில்லையாம். ஆனால் போகவும் இல்லை.

இனி அளவு. நல்ல இரும்பு இறுக்கியது. நார்த் தொப்பி ஏறவே இல்லை. துளை போட்ட குவியலில் வந்ததுதான் பெரிது. வளையத்துக்கு மேலே அழகாய் இறங்கி உட்கார்ந்தது.

அந்தத் துளைகள் என்ன என்று பண்டசாலைக்காரரை நான் ஏற்கனவே கேட்டிருந்தேன். இரும்பு தரம் குறைவு, போர்முனைக்கு ஆகாது என்பதற்கு அடையாளம். துவக்குக் குண்டுக்கு நிற்காது. "உதை ஆருக்கும் குடுக்கலாம் எண்டுதான் உத்தரவு," என்றார். எனக்கு முகம் சுட்டது. ஆருக்கும் என்றால் எங்களுக்கு.

உனக்குச் சுடவில்லை. "எங்கடை தலையிலை துவக்குக் குண்டு ஏன் விழப்போகுது? கல்லும் குற்றியும்தான் விழும். அதுக்கு உது காணும்."

ஒரே ஒரு குறை. குனிந்து தவழ்ந்தால் தொப்பி முன்னால் சரிந்து மூக்கில் வந்து நின்றது. நாடிவாரை இறுக்கினால் தொண்டை நெரிந்தது. நீ தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, விளிம்பிலிருந்த ஒரு துளைக்குள் விட்டாய். மற்றப் பக்கத்தால் இழுத்தாய். என்னைப் பார்த்தாய்.

"எடி, உன்னட்டைப் பாவாடை நாடா இருக்கோ?"

*

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு நாங்கள் போனபோது ஆண்கள் ஏற்கனவே வரிசையில் நின்றார்கள். எல்லாருடைய தலையிலும் துளையில்லாத இரும்பு. உன் தொப்பியின் பின்விளிம்புத் துளைகளால் நாடா புகுந்து, பிடரியில், பின்னல் வளையத்துக்குக் கீழே முடிச்சாகி இருந்தது.

"உதென்ன, பாவாடை நாடாவோ?" என்று கேட்டான் பானைக்கு மூடி சொன்னவன்.

"ஓம்," என்றாய். "உங்கடை தொப்பியிலை அது கட்டத் துளையில்லை. எல்லாரும் ஒருக்கால் குனிஞ்சு, கால் பெருவிரலைத் தொடுங்கோ."

ட்றில் ரீச்சரின் குரல். பழக்கதோஷம், குனிந்துவிட்டார்கள். சில தொப்பிகள் மூக்குகளில் வந்து உட்கார்ந்தன. ஒன்று கழன்று பிரக்கிராசியாரின் சப்பாத்துவரை உருண்டுபோய் நின்றது. நீ குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தாய். உன்னுடையது அசையவில்லை.

பிரக்கிராசியார் அந்தத் தொப்பியைக் கையால் எடுக்கவில்லை. "ஒத்திகை வேறை, வேலை வேறை," என்றார். "உண்மையான வேலை வரட்டும். அப்ப பாப்பம், உன்னை வைச்சிருக்கிறதோ இல்லையோ எண்டு."

வரிசை கலைந்தபின் கந்தையா அண்ணை மெதுவாக உன் பக்கம் வந்தார். அங்கும் இங்கும் பார்த்தார்.

"பிள்ளை, உந்தத் துளைத் தொப்பியிலை ஒண்டு எனக்கும் மாத்தித் தருவினமோ?"

"குடுமியைப் பின்னவேணும், அண்ணை."

"அதை நான் வீட்டிலை பாத்துக்கொள்ளுறன். நாடா மட்டும்..."

"என்ன நிறம்?"

அவர் போய்விட்டார். அடுத்த ஒத்திகையில் அவர் பிடரியில் பச்சை நாடா இருந்தது.

*

குண்டு விழவில்லை. மழை விழுந்தது.

மாரி தொடங்கி நிலமெல்லாம் ஊறிக் கிடந்த ஒரு முற்பகல். ஒத்திகைக்காகச் சங்கு ஊதியது. சனங்கள் கிடங்குகளுக்குள் இறங்கினார்கள். சிறிது நேரத்தில் தெல்லிப்பளைப் பக்கத்திலிருந்து ஒருவன் ஓடிவந்தான். கிடங்கு இடிந்துவிட்டது, உள்ளே ஆள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டுப் பெரிய கிடங்கு நன்றாகத்தான் இருந்தது. இடிந்தது வேறொன்று. வேலியோரத்தில், தனியாக, சின்னதாக. அப்படி ஒன்றை நான் முன்பு கண்டதில்லை. துடக்குக்காரிக்கென்று வெட்டிய தீட்டுக் கிடங்கு. வீட்டில் மாதத்துடக்கோ பிள்ளைத்துடக்கோ உள்ள பெண், குண்டு விழுகிற நேரத்திலும் மற்றவர்களோடு ஒரு கிடங்கில் இருக்கக்கூடாது அல்லவா. உலகம் அழியலாம், ஒழுங்கு அழியக்கூடாது. மிஞ்சிய குற்றிகளையும் பழைய கிணற்றுக்கட்டுக் கற்களையும் போட்டு மூடியிருந்தார்கள். பிள்ளை பெற்றுச் சில நாளேயான மருமகளையும் சிசுவையும் அதற்குள் இருத்தியிருந்தார்கள். ஈரத்தில் ஒரு பக்கம் சரிந்து குற்றிகள் உள்ளே இறங்கிவிட்டன. மறுமுனையில் ஒடுங்கிய தோள் நுழைகிற அளவு வாய். அதற்குள் மழைவெள்ளம் இறங்கிக்கொண்டிருந்தது.

குழந்தை அழுதது. பிறகு அழவில்லை.

கந்தையா அண்ணை அலவாங்கைச் செருகி ஒரு குற்றியைத் தூக்கிப் பிடித்தார். அவர் தோள் அந்த வாய்க்குள் போகாது. மெலிந்த ஒருவன் முன்னால் வந்தான். மாமனார் கையை நீட்டி மறித்தார்.

"பிள்ளை பிறந்து முப்பத்தொண்டு நாள் கழியேல்லை, தம்பி. ஆம்பிளையள் இறங்கக்கூடாது. மருத்துவிச்சிக்கு ஆள் விட்டிருக்கு."

அந்த மெலிந்தவன் நின்றுவிட்டான். அவனைக் குறை சொல்லமாட்டேன். அவனுக்கும் ஒரு வீடு இருந்தது, அங்கேயும் இப்படி ஒரு பெரியவர். பிரக்கிராசியார் குடைக்குக் கீழே நின்றார். "பொறுங்கோ. வீட்டுக்காரர் சொல்லுறதையும் கேக்கவேணும்," என்றார்.

நீ எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாய். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாய்.

"ஐயா, நான் ஆம்பிளையில்லை," என்றாய் பெரியவரிடம். பிறகு குடையைப் பார்த்து, "உங்கடை உண்மையான வேலை வந்திட்டுது," என்றாய். என்னைப் பார்த்து, "எடி, காலைப் பிடி."

தலைகீழாகத்தான் போக முடிந்தது. உன் இரண்டு கணுக்காலும் என் கையில். சேறு வழுக்கியது. உன் குரல் மண்ணுக்கடியிலிருந்து வந்தது.

"கொஞ்சம் விடு. இன்னும் கொஞ்சம். பிடி."

உள்ளே அந்தப் பெண் ஏதோ சொல்வது கேட்டது. மெல்லிய குரல். "என்னைத் தொடாதேங்கோ அக்கா, துடக்கு."

"இரும்பிலை துடக்கு ஒட்டாது எண்டு சாத்திரம். பிள்ளையைத் தா."

"எந்தச் சாத்திரம்?"

"இப்ப நான் சொன்ன சாத்திரம். எடி, தா பிள்ளையை."

அப்போதுதான் கல் விழுந்தது. குற்றிக்கும் மண்ணுக்கும் இடையில் இருந்த கிணற்றுக்கட்டுக் கல். உன் தலையில் அது விழுந்த சத்தம், கோயில் மணியைத் துணி சுற்றி அடித்தால் கேட்குமே, அப்படி. உன் கால்கள் என் கையில் ஒரு தரம் துடித்து நின்றன.

நான் உன்னைக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன்.

"ஆரடா கல் போட்டது?" என்றாய். பிறகு, "இழு."

முதலில் குழந்தை வந்தது, உன் நீட்டிய கைகளில், சேறு பூசி, நீலம் பாரித்து. கந்தையா அண்ணை அலவாங்கைத் தோளால் தாங்கியபடி ஒரு கையால் அதை வாங்கினார். துடக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. குழந்தை அவர் நெஞ்சில் கிடந்து இருமி அழுதது. நீ திரும்ப இறங்கினாய். தாயை எடுக்க அதிக நேரம் பிடித்தது. குற்றி அவள் காலை நெரித்திருந்தது. அவள் வெளியே வந்து மழையைப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள். சேறு, இரும்பு, பற்கள். பயந்துதான் போனாள்.

பெரியவர் உருகிவிட்டார். அது உண்மை. கை கூப்பினார். "கிணத்தடியிலை குளிச்சிட்டு உள்ளை வா, பிள்ளை. தேத்தண்ணி வைக்கச் சொல்லுறன்."

நீ நாடாவை அவிழ்க்கவில்லை. "துடக்கெண்டு மருமோளைக் கல்லுக்குக் கீழை வைச்ச வீட்டிலை எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். குளிக்கவும் மாட்டன்."

அந்தக் கோலத்திலேயே பிரதான வீதியால் நடந்து வந்தாய். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நான் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பாதி வழியில் அது போய்விட்டது. எங்கே போனதென்று தெரியவில்லை, திரும்பி வரவும் இல்லை.

*

உன்னை வைத்திருப்பதா இல்லையா என்ற கேள்வியை அதன்பின் எவரும் எழுப்பவில்லை. ஓம் என்றும் எவரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பெண்ணுக்குக் கிடைக்கிற வெற்றி அப்படித்தான், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

படம் எடுக்க ஆள் வந்தது. படை வரிசையாய் நின்றது. பிரக்கிராசியார் உன்னிடம் கனிவாகச் சொன்னார்: "பிள்ளை, தொப்பியைக் கழட்டிப்போட்டு, கொண்டையும் பூவுமாய் நில். பொம்பிளைப் பிள்ளையெண்டு பாக்கிறவைக்குத் தெரியவேணும்."

"தொப்பியோடை நிண்டால் தெரியாதோ?"

"அது அழகில்லை."

"கிடங்குக்கை போகேக்கை ஒருத்தரும் அழகு கேக்கேல்லை, ஐயா." நீ வரிசையை விட்டு விலகிப் போனாய். நானும் போனேன். கந்தையா அண்ணையும் விலகப் பார்த்தார். நீதான் வேண்டாமென்று தலையசைத்தாய். அந்தப் படம் இப்போதும் சங்க மண்டபத்துச் சுவரில் இருக்கிறது. நடுவில் இரண்டு பேர் நிற்கத்தக்க வெறுமை. நெருங்கி நிற்கச் சொல்லப் படக்காரனுக்குத் தோன்றவில்லையோ, அல்லது கந்தையா அண்ணை அசைய மறுத்தாரோ, தெரியாது.

யுத்தம் முடிந்ததும் தொப்பிகளைத் திருப்பிக் கேட்டார்கள். நீ கொடுக்கவில்லை. "தலையோடை வந்து எடுக்கச் சொல்லு," என்றாய்.

*

நெருப்புக் காய்ச்சல் உன் தலையை எப்படியும் எடுத்துக்கொண்டது. அதற்கு ஒரு தொப்பியும் இல்லை. அதைப் பற்றி அழகாக எழுத என்னால் முடியாது. எழுதவும் மாட்டேன். நீ போனாய், அது பிழை.

பெண்கள் படலை வரைதான் வரலாம் என்றார்கள். பறை முன்னே போயிற்று. நான் படலையைத் தாண்டினேன். ஒழுங்கையைத் தாண்டினேன். யாரோ ஒரு மாமி, "எங்கை பிள்ளை போறாய்?" என்று கேட்டாள். நான் நிற்கவில்லை. கடற்கரைச் சுடலைக்கு முன்னால் உள்ள கடைசி வேலி வரைக்கும் வந்தேன். அங்கே கந்தையா அண்ணை என்னைக் கண்டார். திரும்பிப் போ என்று சொல்ல வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். பிறகு தன் குடையை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். வெயில் கடுமையாக இருந்தது. உன் புகை எழும்பும்வரை நின்றேன்.

*

எழுதுவினைஞர் சொன்ன மற்றச் செய்தி இதுதான்.

"பொம்பிளையளைப் படையிலை சேர்க்கிறேல்லை எண்டு தீர்மானமாச்சு, ரீச்சர். தலைக்கவசத்தின்ரை அளவும் எல்லாம் ஒண்டாய்த்தான் வருமாம், அவையளுக்குச் சரிவராதாம். நீங்கள் நாளைக்கு வந்து எது நல்லதெண்டு தெரிஞ்சு தந்தால் காணும்."

பிரக்கிராசியார் இப்போது இல்லை. தலைவர் வேறு, இளையவர், நன்றாகப் படித்தவர், பெண்கள் முன்னேற வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர். ஆனால் வாய் இன்னும் இரும்பிடம்தான் இருக்கிறது.

வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சிறிது நேரம் அதுவே மானம் என்றும் தோன்றியது. ஆனால் அதுவும் அவர்கள் தந்த இரண்டில் ஒன்று. ஒழுங்காய் வந்து தெரிவுசெய்து கொடு, இல்லாவிட்டால் வீட்டில் நில்.

உன் துணிவு எனக்கு இல்லை. கிடங்குக்குள் தலைகீழாய் இறங்க இன்றைக்கும் என்னால் ஏலாது என்று நினைக்கிறேன். உன் குரலும் இல்லை. ஒரு வகுப்பை அடக்கவே எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. நீ விட்டுப் போனவற்றில் இந்தத் தொப்பியைத் தவிர எனக்கென்று மிஞ்சியது உன் கோபம் ஒன்றுதான். அதைத் துருப்பிடிக்க விடவில்லை. தனிமையில் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.

ஆகவே வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாளைக்கு மண்டபத்துக்குப் போவேன். பின்னால் பெண்களுக்குப் போட்ட வாங்கில் இருக்கமாட்டேன். முன்வரிசையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருப்பேன். எந்தத் தலைக்கென்று தெரியாமல் தொப்பி தெரிவுசெய்ய முடியாது, படையில் சேருகிறவர்களின் தலைகளை முதலில் அளக்க வேண்டும் என்று சொல்வேன். அதில் பிழை காண அவர்களால் முடியாது. அளவெடுக்கும் நூலை எழுதுவினைஞர் கையில் கொடுப்பேன். அவர் தலைவரைப் பார்ப்பார். தலைவர் மேசையைப் பார்ப்பார். யாரும் வாய் திறக்காத அந்த இடத்தில் நான் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி மேசையில் வைப்பேன்.

முதல் தலை என்னுடையது. அதை அளந்து, படைப் பட்டியலில் பேரோடு எழுதும்வரை நான் எழும்பமாட்டேன்.